ஹாட்யாய் பெட்ரோலும் என் ஆர்எக்ஸ்ஸெட் டேங்கும்

மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டியை எடுக்கலாம் என்று பெட்ரோல் டேப்பைத் திருப்பினேன். அசையவே இல்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. டேங்கின் உள்சுவரில் இருந்த பூச்சு வெல்லப்பாகு மாதிரி இளகி, அடியில் குவிந்து கிடந்தது.

வண்டி 1994ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ்ஸெட், டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் துருவுக்குப் பயந்து உள்ளே ஏதோ சீலர் ஊற்றியிருக்கிறார். என்ன சரக்கு என்று அவருக்கும் நினைவில்லை. ஆறு வருடமாக அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

பிறை ஊரில் பைக் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “தம்பி, தாய்லாந்து எண்ணெய் ஊத்திட்டு அப்படியே போட்டு வெச்சியா?”

உண்மைதான். நவம்பரில் நண்பர்களோடு எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போய்விட்டுத் திரும்பும்போது அங்கேயே கேசஹோல் 95 நிரப்பினேன். அது 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த எத்தனால்தான் பூச்சை இளக்கிவிட்டது என்றார் அண்ணன். பட்டர்வொர்த் வந்து சேர்ந்தபோது பாதி டேங்க் மிச்சம். அப்புறம் மழை, வேலை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் வேலை என்று வண்டியைத் தொடவே இல்லை.

அண்ணன் சொன்னாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. 100 மில்லி அளவுக் குழாய் ஒன்றை வாங்கி, கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை 10 கோடு வரை ஊற்றினேன். அதன் மேல் டேங்கின் மேல்பகுதியிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலை 100 கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்தேன். பத்து நிமிடத்தில் இரண்டும் பிரிந்தன. சிவப்புத் தண்ணீர் 10இல் நிற்கவில்லை, 17க்கு ஏறியிருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்ததுதான் அந்த 7 மில்லி. எத்தனால் கலக்காத நம் மலேசிய ஆர்ஓஎன் 95 பெட்ரோலிலும் இதையே செய்து பார்த்தேன். சிவப்பு 10ஐ விட்டு நகரவில்லை.

டேங்கின் அடியிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றியபோது இன்னொன்று தெரிந்தது. மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய பழுப்பு நீர். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். சுமார் அரை விழுக்காடு, அதாவது 10 லிட்டருக்கு 50 மில்லி. அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ரிசர்வ் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். ஆனால் காற்றின் ஈரம் மட்டும் மூன்று மாதத்தில் இவ்வளவு தண்ணீரைக் கொண்டுவராது. தேடிப் பார்த்ததில் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மழைநீர் அதன் வழியாக இறங்கியிருக்கிறது. எத்தனாலை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் இதைப் பார்க்காமல் விட்டிருப்பேன்.

பழைய பூச்சை எடுக்கவே நான்கு நாள் ஆனது. டேப்பைக் கழற்றி, அந்த ஓட்டையை அலுமினியத் தகடும் சைக்கிள் டியூப் ரப்பரும் வைத்து அடைத்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் அசிட்டோன் ஊற்றி, டேங்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வைத்தேன். முற்றத்தில், திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டுதான் எல்லாம். வெளியே வந்தது தோல் தோலாக, கருஞ்சிவப்பாக இருந்தது. அதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்தேன். ஒட்டியிருந்த மிச்சத்தைப் பெயர்க்க 30 நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். எண்ணிப் போட்டது நல்லதாகப் போயிற்று, முதலில் 29தான் வந்தது. கடைசி நட்டு டேங்கின் நடு மேட்டுக்குப் பக்கத்தில் மடிப்பில் மாட்டியிருந்தது. காந்தத்தைக் கம்பியில் கட்டி இழுத்தேன்.

பூச்சுக்கு அடியில் துரு இருந்தது. கேக் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் அமிலம் வாங்கி, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து, கழுத்து வரை நிரப்பி ஒரு நாள் வைத்தேன். தண்ணீர் மஞ்சள் பச்சையாக மாறி, உள்ளே சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. சந்தோஷத்தில் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தால் உள்ளே முழுக்க இளஞ்சிவப்புத் துரு. பினாங்கு ஈரத்தில் வெறும் இரும்பு அவ்வளவு நேரம்கூடத் தாங்காது.

மறுநாள் மீண்டும் ஆறு மணி நேரம் அமிலம். இந்த முறை சோடா உப்புத் தண்ணீரில் அலசி, கடைசியில் அசிட்டோனால் ஒரு சுற்று சுற்றி ஊற்றிவிட்டு, அது வாசமே இல்லாமல் காய்ந்த பிறகுதான் தலைமுடி உலர்த்தும் மெஷினை வைத்தேன். சூடு குறையும் முன்பே அரைக் கப் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் சாம்பல் நிறம் மாறவில்லை. அந்தக் காலத்தில் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டிய வண்டிகளில் டேங்க் சுவருக்கு இந்த எண்ணெய்ப் பசை தானாகக் கிடைத்தது. ஆர்எக்ஸ்ஸெட்டில் ஆயிலுக்குத் தனிப் பாத்திரம், தனிப் பம்ப். டேங்குக்குள் வருவது வெறும் பெட்ரோல்.

எத்தனால் தாங்கும் எபாக்ஸி பூச்சு அடிக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. ஓட்டை விழுந்த டேங்க் என்றால் வேறு வழியில்லை. ஃபைபர் கிளாஸ் டேங்க் வைத்திருக்கும் பழைய நார்ட்டன் பைக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும், எத்தனால் அந்த ரெசினையே இளக்கிவிடும். என் டேங்க் நல்ல கனமான இரும்பு. மூலையில் எங்கோ ஒட்டாமல் போன பூச்சு உரிந்து கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைத்தால், டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

மாற்றியவை: மூடி ரப்பர், டேப்பின் உள் ரப்பர், பெட்ரோல் ஹோஸ். பழைய டேப் ரப்பரைப் புதியதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் பிதுங்கி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. டேப் அசையாததற்குக் காரணம் அதுதான். ஹோஸில், எத்தனால் தாங்கும் ரகமான ஆர்9 என்று அச்சடித்ததைத் தேடி வாங்கினேன். ரப்பர் வளையங்கள் வைட்டான், அதுவும் எத்தனால் தாங்கும் ரப்பர். கார்புரேட்டரில் பைலட் ஜெட் மட்டும் அடைத்திருந்தது, ஊதியதும் சரியாயிற்று.

கோயம்புத்தூரில் ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் மாமா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். அங்கே பெட்ரோல் பங்க் எதில் போட்டாலும் 20 விழுக்காடு எத்தனால். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: ரப்பர்களை மாற்று, வாரம் ஒரு முறையாவது ஓட்டு, ஊருக்குப் போவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு உள்ளே ஆயில் சுற்றி வை.

எனக்கு வழி சுலபம். போன வாரம் மறுபடி ஹாட்யாய். எல்லைக்கு முன்னால் இருக்கும் சங்லுனில் கழுத்து வரை நம் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டினேன். அங்கிருந்து ஹாட்யாய் போய் வர 140 கிலோமீட்டருக்குள்தான், ரிசர்வுக்குக்கூடப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் டேப்பின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.