நிறுத்தத் தெரியாத வேலைக்காரன்

நொதி தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாள் என் கையில் தந்தது ஒரு கத்தரிக்கோலும் வாட்மன் 1 வடிகட்டித்தாளும். 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம் என்று வெட்டினால் ஒரு துண்டு 50 மில்லிகிராம் இருக்கும். அதைச் சுருட்டிச் சோதனைக்குழாயில் போட்டு, பிஎச் 4.8 உள்ள சிட்ரேட் கரைசலோடு, தாளைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதியையும் சேர்த்து, 50 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்எஸ் என்ற மஞ்சள் ரசாயனத்தை ஊற்றிக் கொதிக்கவைத்தால், எவ்வளவு சர்க்கரை வந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும். தாள் சர்க்கரையாகிவிட்டது என்பதை நம்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

தாள், பருத்தி இரண்டுமே செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான். செல்லுலேஸ் என்பதும் தனி ஆள் இல்லை, ஒரு கும்பல். ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று முனையிலிருந்து இரண்டிரண்டாக உருவும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிளந்து குளுக்கோஸாக்கும்.

இதைச் சுரக்கும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணியைத் தின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டது. துணி ஏன் இற்றுப்போகிறது என்று ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரே பிறகு அதற்கு வந்தது. நாங்கள் தொட்டியில் வளர்த்ததும் அதே வம்சம்தான். துணியை நாசம் செய்ததற்காகப் பிடிபட்ட ஆசாமியைத் துணிக்கே வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் யோசித்தேன்.

யோசிக்கவைத்தது ஒரு ஜீன்ஸ் சலவை ஆலை. முன்பெல்லாம் ஜீன்ஸை வெளுத்த தோற்றத்துக்குக் கொண்டுவர பியூமிஸ் கல்லைப் போட்டு உருட்டுவார்கள். கல் இயந்திரத்தைத் தேய்க்கும், பாக்கெட்டெல்லாம் கல்தூள் சேரும். நீலச்சாயம் நூலின் மேற்பரப்பில் மட்டுமே படிந்திருப்பதால், அந்த மேல்நாரைக் கொஞ்சம் அரித்துவிட்டால் போதும், உருளும்போது சாயம் தானாக உதிரும். அந்த வேலைக்குச் செல்லுலேஸ் கச்சிதம்.

அங்கிருந்து ஒருநாள் போன்: "சார், பேண்ட் கையாலேயே கிழியுது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். அளவு சரி, சூடு சரி. விஷயம் ஷிஃப்ட் மாறிய நேரத்தில் இருந்தது. தண்ணீரை வடித்திருக்கிறார்கள். ஆனால் சோடா ஆஷ் போட்டு, 80 டிகிரிக்குச் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்யும் கட்டத்தை விட்டுவிட்டார்கள். ஈரத் துணி ராத்திரி முழுக்க வண்டியில் குவிந்து கிடந்தது, நொதி பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. தப்பு முழுக்க அவர்களுடையது என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் கொடுத்த குறிப்புத்தாளில் அந்தக் கட்டம் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. எழுதியவன் நான்.

தீவன ஆலையில் கதை நேர்மாறு. கோதுமையில் உள்ள சைலன் என்ற நார்ப்பொருள் கோழியின் குடலில் பசைபோல் கெட்டியாகி, சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், எச்சமும் ஒட்டும். அதை வெட்டும் சைலனேஸ் நொதியைக் கலந்தால் அந்தப் பசை இளகும். "உங்க நொதி ஒண்ணுமே செய்யல" என்றார்கள். குருணைத் தீவனத்தைச் சோதித்தால் நொதி ஏறக்குறைய இல்லவே இல்லை. நீராவியில் 80 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் குருணை பிடிக்கும்போதே அது செத்திருக்கிறது. குருணை ஆறிய பிறகு திரவமாகத் தெளிக்கச் சொன்னோம். அப்புறம் புகார் இல்லை. மாட்டுக்கும் போடலாமா என்று கேட்பார்கள். மாட்டின் முதல் வயிற்றிலேயே நார் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கூட்டமாக இருக்கின்றன, வெளியிலிருந்து கொடுப்பதன் பலன் சீராக இருப்பதில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். விற்பனைப் பிரிவுக்கு என்மேல் வருத்தம்.

வைக்கோலை வயலிலேயே கரைத்துவிடுமா என்றும் ஒரு விவசாயி கேட்டார். வடிகட்டித்தாளில் லிக்னின் இல்லை, செடிக்கு விறைப்பு தரும் பொருள் அது. வைக்கோலில் அது செல்லுலோஸைச் சுற்றி வேலிபோல நிற்கிறது. மண்ணில் தெளித்த நொதி களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நொதியை விட உயிருள்ள பூஞ்சையே அங்கே மேல் என்றேன்.

கடைசியாகக் காகிதக்கூழ். சைலனேஸ் கூழை வெளுப்பதில்லை. நாரின்மேல் உள்ள சைலனைக் கழற்றி வழிவிடும், அதனால் குளோரின் சார்ந்த வெளுப்பு ரசாயனம் குறைவாகச் செலவாகும். ஆனால் அதில் துளி செல்லுலேஸ் கலந்திருந்தாலும் நாரே பலமிழந்துவிடும். அதனால் கூழ் ஆலைக்குப் போகும் ஒவ்வொரு பேட்ச்சையும் சிஎம்சி என்ற கரையும் செல்லுலோஸோடு சேர்த்துச் சோதிப்போம். அதே தொட்டி, அதே டிஎன்எஸ். காலையில் ஜீன்ஸ் ஆலைக்கான குழாய்களில் நிறம் ஏறவில்லையே என்று கவலைப்பட்டவன், மதியம் அடுத்த வரிசைக் குழாய்களைப் பார்த்து, மஞ்சளாகவே இருந்துவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருப்பேன்.