மைனஸ் பூஜ்ஜியமும் இரண்டு முருகேசன்களும்

என் அப்பா அம்மாபேட்டைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் தபால்காரராக இருந்தவர். 2012-இல் சேலத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் ப்ராஜெக்ட் வேலைக்குச் சேர்ந்தபோது, என்ன வேலை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடாகிவிட்டது. வானத்தில் எக்ஸ் கதிர் வருகிற இடங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, ரேடியோ அலை வருகிற இடங்களுக்கு இன்னொன்று, ஒளிப்படத்தில் தெரிகிற நட்சத்திரங்களுக்கும் கேலக்ஸிகளுக்கும் மூன்றாவது. இதில் இருப்பது அதில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வெலாசம் கண்டுபுடிக்கற வேலைதான கண்ணு, அதுக்கு எதுக்கு எம்.எஸ்சி.?" என்றார்.

கேட்டபோது ரோஷமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். எக்ஸ் கதிர் பூமியின் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது, கருவியை மேலே கொண்டுபோனால்தான் உண்டு. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனி என்ற இயற்பியலாளரின் குழு நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவியது. நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பது திட்டம். நிலாவை விட்டுவிட்டு விருச்சிகத்தின் பக்கமிருந்து கொட்டியது. ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். தெரு தெரிந்ததே தவிர வீடு தெரியவில்லை. அது இன்ன நட்சத்திரம்தான் என்று சொல்ல 1966 ஆகிவிட்டது.

எங்கள் கையில் இருந்தது ரோசாட் என்ற ஜெர்மன் செயற்கைக்கோளின் பட்டியல். 1990 ஜூனில் மேலே போய் வானம் முழுவதையும் துழாவியதில், பிரகாசமான மூலங்கள், அதாவது எக்ஸ் கதிர் வருகிற இடங்கள், மட்டுமே 18,000-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்திருப்பார்கள், அதில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்றும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பத்து, இருபது ஆர்க் செகண்டு. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஆர்க் செகண்டு. முழு நிலாவின் அகலமே ஏறக்குறைய 1,800. இருபது ஆர்க் செகண்டு ஆரத்தில் வட்டம் போட்டால் நிலாவுக்குக் குறுக்கே 45 வட்டங்களை வரிசையாக அடுக்கலாம். இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் தேடுவதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

சேலத்தில் 'மாரியம்மன் கோயில் அருகில்' என்று மட்டும் விலாசம் எழுதினால் தபால்காரர் தலையில் அடித்துக்கொள்வார். கோட்டையில் ஒரு மாரியம்மன், அம்மாபேட்டையில் ஒன்று, செவ்வாய்ப்பேட்டையில் ஒன்று, குகையில் ஒன்று. ஆடி மாதம் வந்தால் பேட்டைக்குப் பேட்டை பண்டிகைதான். அதுவே ஏற்காட்டில் 'சேர்வராயன் கோயில் அருகில்' என்று எழுதுங்கள், போய்ச் சேர்ந்துவிடும். எவ்வளவு அருகில் என்பதைவிட அந்த அருகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதல் வாரமே எங்கள் ப்ராஜெக்ட்டை நடத்திய மேடம் என்னை இதைத்தான் கணக்குப் போடச் சொன்னார். நாங்கள் பயன்படுத்திய ஒளிப்படப் பட்டியலில் 100 கோடிக்கு மேல் பொருள்கள். முழு வானம் 41,253 சதுர பாகை. வகுத்துப் பார்த்தால் எங்கள் வட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சம்பந்தமும் இல்லாமலே சராசரியாக இரண்டரைப் புள்ளிகள் விழும். ரேடியோவில் கதை வேறு. அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியால் எடுத்த என்.வி.எஸ்.எஸ். பட்டியலில் மொத்தமே சுமார் 18 லட்சம் மூலங்கள், சதுர பாகைக்கு ஐம்பது சொச்சம். எங்கள் வட்டத்துக்குள் ஒன்று தற்செயலாக விழ வேண்டுமென்றால் 200 வட்டம் போட வேண்டும். ஆக, வட்டத்துக்குள் ரேடியோ மூலம் இருந்தால் அது சும்மா வந்து நிற்கவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. ரேடியோ மூலம் பலமானதாக இருந்தால் அதன் இடம் ஒரு ஆர்க் செகண்டுக்குள் துல்லியமாகத் தெரிந்துவிடும். அங்கிருந்து ஒளிப்படத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளிதான் நிற்கும். எக்ஸ் கதிரிலிருந்து நேராக நட்சத்திரத்துக்குத் தாவாமல் ரேடியோ வழியாகச் சுற்றிப் போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ரேடியோ கிடைக்காது. ரேடியோவில் வாயே திறக்காத குவேசார்கள் (தூரத்துக் கேலக்ஸிகளின் பிரகாசமான நடுப்பகுதிகள்) ஏராளம், எக்ஸ் கதிர் வீசுகிற சாதாரண நட்சத்திரங்களும் ஏராளம். அங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். வட்டத்துக்குள் எது நடுவுக்குக் கிட்டே இருக்கிறதோ அதையே எழுதிக்கொண்டு போனேன். ஒரே நாளில் நானூறு முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. மேடம் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிட்ட இருக்குன்னா அதுதான்னு அர்த்தமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் புலம்பினேன். அவர் இரண்டு முருகேசன்களின் கதையைச் சொன்னார். ஒரே தெரு, ஒரே இனிஷியல், ஒருத்தர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இன்னொருத்தர். ஒருத்தர் தறி போட்டிருந்தவர், இன்னொருத்தர் ரிட்டயர் ஆன கிளார்க். கதவு எண் இல்லாமல்தான் பாதிக் கடிதம் வரும். "பேரப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அனுப்புனவன் யாருன்னு பாக்கணும். நூல் மில்லுல இருந்து வந்தா தறிக்காரருக்கு, பென்ஷன் ஆபீஸ்ல இருந்து வந்தா கிளார்க்குக்கு."

மறுநாள் போய் நானூறையும் அழித்தேன். எங்கள் தொழிலில் அனுப்புனரைப் பார்ப்பது என்றால், எக்ஸ் கதிரில் வரும் வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் வகுத்துப் பார்ப்பது. சூரியன் மாதிரி நட்சத்திரம் தன் ஒளியோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம்தான் எக்ஸ் கதிர் வீசும். கருந்துளையைச் சுமக்கும் குவேசாரோ ஒளியில் மங்கலாக இருந்துகொண்டே எக்ஸ் கதிரில் வெளுத்து வாங்கும். வட்டத்துக்கு நடுவே சாதுவான நட்சத்திரமும் ஓரத்தில் மங்கலான நீலப் புள்ளியும் இருந்தால், பல சமயம் ஓரத்தில் இருப்பதுதான் ஆள்.

இடத்தை வைத்துச் சொல்லவே முடியாத வழக்குகளில் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1971 மார்ச், ஏப்ரல் வாக்கில் அதன் எக்ஸ் கதிரின் போக்கு திடீரென்று மாறியது. அதே சமயத்தில், அதுவரை எதுவும் தெரியாத இடத்தில் ஒரு ரேடியோ மூலம் தலைகாட்டியது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகப் பிடித்தார்கள். இரண்டும் சேர்ந்து மாறினால் இரண்டும் ஒன்றுதானே! அந்த ரேடியோ இடத்தில் போய்ப் பார்த்தால் எச்.டி.இ. 226868 என்ற நீல நட்சத்திரம். 5.6 நாளுக்கு ஒரு தரம் கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. அந்த எதையோதான் இன்று கருந்துளை என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். வகுப்பில் இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறியும், பையன்கள் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

அது மின்வெட்டுக் காலம். எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது, யு.பி.எஸ். கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. அதனால் கணினி ஓடாத நேரத்தில், அச்சடித்து வைத்த படங்களைக் கண்ணால் பார்ப்பது என்று ஒரு பழக்கம் வந்தது. அதில் ஒரு நாள் கிடைத்தது இது. கணினி 'ரேடியோ இல்லை' என்று தள்ளிய மூலம். வட்டத்துக்குள் உண்மையிலேயே ரேடியோ எதுவும் இல்லை. ஆனால் வட்டத்துக்கு வெளியே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ரேடியோத் திட்டுகள், கிட்டத்தட்ட ஒரே தூரத்தில். ஸ்கேலை எடுத்து இரண்டுக்கும் நடுவே கோடு போட்டேன். கோட்டின் மத்தியில் மங்கலாக ஒரு நீள்வட்டக் கேலக்ஸி, அதன் மேலேயே எக்ஸ் கதிர். கேலக்ஸி இரண்டு பக்கமும் பீய்ச்சியடித்த தாரைகள் தூரத்தில் போய்த் திரண்டு நின்று ரேடியோவில் ஒளிர்கின்றன. பட்டியலில் அவை தனித்தனியாக இரண்டு மூலங்கள். நடுவில் இருக்கிற வீட்டுக்காரருக்கு ரேடியோவில் பேரே இல்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று வெளிச்சத்தில் இன்னொரு தரம் பார்த்தேன். மேடத்தைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

அந்தப் பெருமையில் ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. முழுப் பட்டியலையும் வான வரைபடமாக ஐந்து ரோட்டில் ஒரு கடையில் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தேன். நடுவே குறுக்காக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. இங்க் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்று அடித்துக் கொடுத்தார், அதிலும் கோடு. மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு பாகைக்கு ஒண்ணுகூட இல்லையேப்பா. பக்கத்துல வடக்கே மட்டும் ரெட்டிப்பா இருக்கு."

பூமியின் நடுக்கோட்டை வானத்துக்கு நீட்டினால் வருவதுதான் வான நடுக்கோடு. அதற்குத் தெற்கே இருக்கும் இடத்துக்கு மைனஸ் குறி போடுவோம். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இருப்பது மைனஸ் 00 பாகை, 23 நிமிடம் என்கிற மாதிரி வரும். என் புரோகிராம் மைனஸ் 00 என்பதை எண்ணாக மாற்றியது. பூஜ்ஜியத்துக்கு ஏது மைனஸ்? குறி போய்விட்டது. தெற்கே இருந்த நூற்றைம்பது சொச்சம் மூலங்களையும் வடக்கே குடியேற்றி, அங்கே வழியில் கண்ட நட்சத்திரத்தோடெல்லாம் கட்டிவைத்திருந்தேன். அதில் சில 'நல்ல பொருத்தம்' என்று டிக் வேறு. இந்தத் துறையில் இது பழைய வியாதி, அவரவர் ஒரு தரம் பட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள் என்று மேடம் சமாதானம் சொன்னார். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "அதுனால என்னங்க, ரெண்டு பிரிண்டுக்கும் காசு குடுத்தீங்கல்ல" என்றார்.

கடைசியில் அறிக்கை எழுதும்போது எனக்கும் மேடத்துக்கும் நடந்த ஒரே சண்டை, காலியாக விட்ட வரிசைகளைப் பற்றி. 'தெரியவில்லை' என்று அத்தனை இடத்தில் போட எனக்கு வெட்கமாக இருந்தது, உத்தேசமாகவாவது ஒன்றை எழுதலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. அப்பாவும் அவர் கட்சி. தவறான வீட்டில் கொடுத்த கடிதம் திரும்பி வராது, 'விலாசம் போதவில்லை' என்று திருப்பி அனுப்பியதையாவது அனுப்பியவன் சரியாக எழுதித் திரும்பப் போடுவான் என்றார். இரண்டு பேர் ஒரு பக்கம் நின்றதால் விட்டுவிட்டேன். அவற்றில் ஒரு மூலம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வட்டத்துக்குள் இரண்டு புள்ளிகள், நிறமும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று, நடுவிலிருந்து தூரமும் ஒன்று. ரேடியோ கிடையாது. நோட்டில் அதற்கு 'முருகேசன்' என்றே பெயர் எழுதியிருந்தேன்.

இப்போது நான் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். 2024 ஜனவரி 31 அன்று இ-ரோசிட்டா என்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். பாதி வானத்தில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் மூலங்கள், அவற்றின் இடப் பிசகும் சில ஆர்க் செகண்டுதான். ஜெர்மனியும் ரஷ்யாவும் வானத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தன, அது ஜெர்மனிக்கு ஒதுக்கிய பாதி. ரஷ்யாவின் பாதி அதில் இல்லை. எங்கள் காலி வரிசைகளில் பாதி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. முருகேசன் நல்லவேளையாக இந்தப் பக்கம். பழைய நோட்டைத் தேடி எடுத்து எண்களைப் போட்டுப் பார்த்தேன், மைனஸ் குறியை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு. புதிய வட்டம் அந்த இரண்டு புள்ளிகளில் எதன் மேலும் விழவில்லை. இரண்டுக்கும் கீழே, எங்கள் பழைய படத்தில் இருந்த இடமே தெரியாத, மிக மங்கலான மூன்றாவது ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது.

திண்ணையில் இருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "புதுசா குடி வந்தவனா இருக்கும்" என்றார்.