பிப்பைச் சுற்றி ஒரு கோட்டுப்படம்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் யார் யாரை மாற்றுகிறார், யாருக்கு யார் நண்பர் என்பதைப் படிக்கும்போதே கோட்டுப்படமாக வரைந்து பார்க்கும் முயற்சியில் முதல் சுற்று முடிந்திருக்கிறது. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வார இதழில் தொடராக வந்த கதை என்பதால் அதன் 59 அத்தியாயங்களும் பெரும்பாலும் சிறியவை. ஒன்றை முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு வரைய உட்காருவது எளிதாக இருந்தது. சார்ட் தாளின் நடுவில் கதையின் நாயகனான பிப்பை வைத்தேன். ஒருவர் இன்னொருவரின் எண்ணத்தையோ நடத்தையையோ மாற்றினால் சிவப்பு அம்பு, நட்பு என்றால் முனையில்லாத நீலக் கோடு என்று வகுத்துக்கொண்டேன்.

முதல் பாகத்தில் சிவப்பே மிகுதி. அவனை வளர்க்கும் அக்காவின் அடியும் உறவினர் பம்பிள்சூக்கின் உபதேசமும் பிப்பிடம் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை என்பதால் அவற்றுக்கு மெல்லிய கோடே போதுமானதாக இருந்தது. பணக்கார மிஸ் ஹாவிஷாம் வளர்க்கும் சிறுமி எஸ்டெல்லாவின் அம்பு அப்படியல்ல. சீட்டாட்டத்தின்போது அவள் பிப்பின் சொரசொரப்பான கைகளையும் தடித்த காலணிகளையும் ஏளனம் செய்கிறாள்; வீடு திரும்பும் சிறுவனுக்கு, அதுவரை தன் உற்ற தோழனாக இருந்த அக்காவின் கணவர், கொல்லர் ஜோ இன்னும் நாகரிகமாக வளர்க்கப்பட்டிருக்கக் கூடாதா என்று தோன்றிவிடுகிறது. ஆகவே அந்த அம்பைப் பிப்பின் வட்டத்தில் முடிக்காமல், பிப்புக்கும் ஜோவுக்கும் இடையே ஓடும் நீலக் கோட்டின்மீது கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு மனிதரின் தாக்கம் இன்னொரு நட்பின்மேல் விழுவதைக் காட்ட வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானது பிப்பின் அறைத்தோழன் ஹெர்பர்ட் பாக்கெட்டின் அம்பு. லண்டனில் பார்னார்ட்ஸ் இன் விடுதியில் முதல் இரவு உணவின்போது, மிஸ் ஹாவிஷாமின் கதையைச் சொல்லிக்கொண்டே, கத்தியை வாய்க்குள் வைப்பது இங்கு வழக்கமில்லை என்றும் கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் இடையிடையே திருத்திவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். எஸ்டெல்லா குத்திக்காட்டியதும் ஹெர்பர்ட் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய ஒரே சங்கதிதான். ஆனால் அங்கே வடு மிஞ்சுகிறது, இங்கே நட்பு பிறக்கிறது. எதிர்த்திசையிலும் ஓர் அம்பு உண்டு: பிப்பின் ஊதாரித்தனம் ஹெர்பர்ட்டையும் கடனில் இழுத்துவிடுகிறது. நல்ல நண்பனால் கேடு வராது என்று நம்புகிறவர்கள் அந்தப் பகுதியை மறுபடி படிக்கலாம்.

படத்தைத் திணறடித்தவை இரண்டு மறைமுக அம்புகள். நாடுகடத்தப்பட்ட கைதி மாக்விச், ஆஸ்திரேலியாவில் ஈட்டிய பணத்தால் தன் பெயர் தெரியாமல் பிப்பை ஜென்டில்மேன் ஆக்குகிறார். பிப்பும் 21 வயதில் கைக்கு வந்த 500 பவுண்டில் பாதியை முன்பணமாகக் கொடுத்து, ஹெர்பர்ட்டுக்கே தெரியாமல் கிளாரிக்கர் என்ற இளம் வணிகரின் நிறுவனத்தில் அவனுக்கு இடம் பிடித்துத் தருகிறான். தாளில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே: புள்ளிக்கோடு, பணம், ரகசியம். விளைவோ எதிரெதிர். எனவே, கொடுப்பவர் திரும்ப எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பென்சிலால் பக்கத்தில் குறிக்க வேண்டியதாயிற்று. மாக்விச் திரும்பி வந்ததும் தான் உருவாக்கிய ஜென்டில்மேனைக் கண்குளிரப் பார்க்க விரும்புகிறார். தனக்கு ஒரு சொல்கூடப் புரியாத அந்நிய மொழிப் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, ஏதோ பொருட்காட்சியில் தன் பொருளை நிறுத்தியவர்போல நின்று ரசிக்கிறார். பிப்பின் அம்புக்குப் பக்கத்திலோ எழுத ஒன்றுமில்லை. ஆயினும் எல்லாம் இழந்த பிறகு பிப் கெய்ரோவுக்குப் போய் எழுத்தராகச் சேர்வது ஹெர்பர்ட் இருக்கும் அதே நிறுவனத்தில்தான். என் கணக்கில், பிப்பிடம் வந்த பணத்தில் உருப்படியாகச் செலவானது அந்த ஒரு தொகைதான்.

வழக்கறிஞர் ஜாகர்ஸின் எழுத்தரான வெம்மிக்குக்கு மட்டும் இரண்டு வட்டங்கள் தேவைப்பட்டன. நண்பனுக்காகப் பணம் போடுவதும் தேம்ஸ் பாலத்திலிருந்து அதை ஆற்றில் எறிவதும் ஒன்றுதான் என்று அலுவலகத்தில் சொல்லும் அதே ஆள், வால்வொர்த் வீட்டில் அகழியும் தூக்குபாலமுமாக வாழ்ந்துகொண்டு, ஹெர்பர்ட்டுக்கான ஏற்பாட்டைத் தானே முன்னின்று முடித்துக்கொடுக்கிறார்.

ஜோவின் நீலக் கோடு ஜோவின் பக்கத்தில் எங்கும் அறுபடவில்லை, பிப்பின் பக்கத்தில் மட்டும் நெடுந்தொலைவு விட்டுவிட்டு ஓடுகிறது. காய்ச்சலில் கிடந்த பிப்பைப் பராமரித்து, அவனைக் கைது செய்யக் காரணமாயிருந்த 123 பவுண்டுக்கும் மேற்பட்ட கடனைச் சொல்லாமல் கட்டிவிட்டு, அவன் எழுமுன்பே ஜோ ஊர் திரும்பிவிடுகிறார். இதுவும் மறைமுக அம்புதான். பென்சில் இடம் இங்கும் காலி.

தாளின் ஓரத்துக்கு வெளியே ஓர் அம்பைச் சேர்த்திருக்கிறேன். பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போவதாகத்தான் டிக்கன்ஸ் முதலில் முடித்திருந்தார். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டனின் யோசனையைக் கேட்டு அந்த முடிவை மாற்றினார். எனக்குப் பழைய முடிவே பிடிக்கும். மிஸ் ஹாவிஷாம், எஸ்டெல்லா, ஜாகர்ஸ், அவர் வீட்டுப் பணிப்பெண் மாலி ஆகிய நால்வரின் பின்னலை இந்தத் தாளில் திணித்தால் எதுவும் தெரியாது. அதற்குத் தனித் தாள் எடுத்திருக்கிறேன்.