ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு டயரைப் பாருங்க

போன வருஷம் தீபாவளி முடிஞ்சு ஆம்பூர்லருந்து வேலூருக்கு வந்துகினு இருந்தோம், பின் சீட்ல அம்மாவும் பையனும், நல்ல மழை, பள்ளிகொண்டாவுக்கு கொஞ்சம் முன்னாடி ரோட்ல தண்ணி நின்ன இடத்துல ஏறுன உடனே ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாயிடுச்சு, திருப்புனா வண்டி கேக்கல. ரெண்டு செகண்டு தான் இருக்கும். பிரேக் மிதிக்காம ஆக்சிலேட்டர்லருந்து காலை மட்டும் எடுத்தேன், டயர் மறுபடி தரையைப் புடிச்சுது. அம்மா தூங்கிகினு இருந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் அவங்க கிட்ட நான் சொல்லல.

மறுநாள் பஞ்சர் கடை அண்ணன் விரலை விட்டுப் பாத்துட்டு "முன்னாடி ரெண்டுலயும் பட்டனே இல்ல தம்பி, இதுலயா குடும்பத்த கூட்டிகினு போன"ன்னாரு. பட்டன்னா டயர் மேல கட்டம் கட்டமா இருக்கற ரப்பர், அதுக்கு நடுவுல இருக்கற பள்ளம் வழியாத் தான் டயருக்கு அடியில இருக்கற தண்ணி வெளிய போவணும், பள்ளம் தேஞ்சுட்டா டயர் தண்ணி மேல மிதக்கும், அவ்ளோ தான் விஷயம். பள்ளத்துக்குள்ள குறுக்கால குட்டி மேடு இருக்கும், ரப்பர் அது மட்டத்துக்கு தேஞ்சுட்டா பள்ளத்தோட ஆழம் 1.6 மில்லிமீட்டர் தான் மிச்சம், சட்டப்படி அதோட ஆயுசு முடிஞ்சுது. மழைல ஓட்டறவங்க 3 மில்லிமீட்டர்லயே மாத்திடுங்கன்னு தான் நான் சொல்வேன்.

அக்கா கனடாவுல மான்ட்ரியால்ல இருக்காங்க, அந்த கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1லருந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் போட்டே ஆவணும்னு சட்டமே இருக்கு. நானும் அதையே வாங்கிடவான்னு மாமா கிட்ட கேட்டேன், வேணவே வேணாம்னுட்டாரு. 7 டிகிரிக்கு கீழ போனா சாதா ரப்பர் இறுகிடும், அந்தக் குளிருக்குன்னு மெத்துனு செய்யறது அது, நம்ம ஊர் மார்கழில அவ்ளோ குளிர் ஏது, அக்னி நட்சத்திரத்துல நம்ம ரோட்ல ஓடுனா சீக்கிரமே தேஞ்சுடும். நமக்கு ஈரத்துல நல்லா புடிக்கற சாதா டயர் போதும்.

முதல்ல போன கடையில விலை நல்லா கொறைச்சாங்க. டயர் பக்கவாட்டுல கடைசி 4 நம்பரைப் பாத்தா 3517, அப்படின்னா 2017ல 35வது வாரம் செஞ்சது. ஓட்டாம சும்மா வெச்சிருந்தாலும் ரப்பருக்கு வயசாவும்ங்க, புதுசுன்னு சொல்லி இத விக்கறாங்களேன்னு மனசு ஆறல, வாங்காம வந்துட்டேன்.

கைல காசு ரெண்டு டயருக்கு தான் இருந்துச்சு. புதுசு ரெண்டையும் பின்னாடி போட்டு, பின்னாடி இருந்த சுமாரானதை முன்னாடி மாத்திகினேன். நெறைய பேரு இத தலைகீழா செய்யறாங்க. முன் டயர் வழுக்குனா காலை எடுத்து சமாளிச்சிடலாம், பின் டயர் வழுக்குனா வண்டியே சுத்திடும், ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுல மழைல எறங்கும்போது அப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?

காத்து காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாவாம இருக்கும்போது பாருங்க, அளவு டிரைவர் கதவுகிட்ட ஸ்டிக்கர்ல இருக்கும். ஸ்டெப்னிக்கும் அடிச்சு வைங்க, ஜவ்வாது மலைப் பக்கம் ராத்திரில பஞ்சர் கடை தேடிகினு நிக்க முடியாது.