பிடாடரியிலிருந்து அப்பாயியை எடுத்தபோது

வருஷா வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மெழுகுவத்தியோடு போனது சிங்கப்பூரின் பிடாடரிக்கு. அப்பர் சிராங்கூன் சாலையோரம், 1908-ல் திறந்து 1972-ல் அடக்கம் நிறுத்தப்பட்ட இடம். அப்பாவைப் பெற்ற அப்பாயி அங்கேதான் இருந்தார்.

குடியிருப்புக்காக அந்த நிலத்தை எடுக்கப்போவதாகவும், 2001-லிருந்து தோண்டுவார்கள் என்றும் செய்தி வந்தது. ஏறத்தாழ 58,000 கிறிஸ்தவக் கல்லறைகள், 68,000 முஸ்லிம் கல்லறைகள். வீடு கட்டாதே என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. நாங்களும் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். சண்டை வீட்டுக்குள் வந்தது. முஸ்லிம்களின் எச்சங்கள் சுவா சூ காங் இடுகாட்டில் மறுபடி மண்ணுக்கே போயின. எங்களுக்கோ தகனம்.

"மண்ணுக்குக் கொடுத்த அம்மாவ நெருப்புக்குக் கொடுக்கச் சொல்றியா?" என்று பெரியத்தை அப்பாவிடம் கத்தினார். 1963-லேயே திருச்சபை தகனத்தை அனுமதித்துவிட்டது என்று சாமியார் பொறுமையாகச் சொன்னார். அத்தை கேட்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் யாரும் உரிமை கோராவிட்டால் சாம்பல் கடைசியில் கடலுக்குப் போகும் என்று தெரிந்ததும், சரி, பதிவு செய் என்றார்.

அதிலும் சிக்கல். கல்லில் இருந்தது வீட்டில் கூப்பிட்ட பெயர். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், அதுவும் எழுத்து மாறி. மூன்று முறை அலைந்தேன். கடைசியில் பங்குக் கோயிலின் பழைய அடக்கப் புத்தகத்தில் தேதியை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். இப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் முதலில் கல்லைப் படம் எடுங்கள், கல்லறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அலுவலகத்துக்குப் போங்கள்.

எங்கள் முறை ஒரு விடியற்காலையில் வந்தது. செம்மண் ஈரமாக இருந்தது. பெட்டி மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. தோண்டியவர் மண்வெட்டியை ஓரம் வைத்துவிட்டு, கையாலேயே எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். பின்னாலேயே துருப்பிடித்த ஒரு சிறு சிலுவை வந்தது. அதுவரை தள்ளி நின்ற அத்தை கிட்டே வந்து, அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார். அப்பாவுக்குக் குரல் வரவில்லை.

பேர் பெற்ற சிலரின் கற்கள் நினைவுத் தோட்டத்துக்குப் போயின. அப்பாயியின் கல்லுக்கு அங்கே இடமில்லை.

அஸ்தி மாடத்தில் வைத்த பிறகு நவம்பர் 2-க்கு அங்கேதான் போகிறோம். அத்தை மட்டும், இருந்தவரை, முதலில் பிடாடரியை ஒட்டிய உட்லீ ரயில் நிலையத்தில் இறங்குவார். வேலியோரம் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் மறுபடி ரயில் ஏறுவார்.