விரலுக்குப் பதில் கண்

நூல் அறுந்தது என் மாணவனுக்குத் தெரியவே இல்லை. அறுவை ரோபோவை இயக்கும் கன்சோலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தவன், தையல் இறுகிவிட்டதாக நினைத்து அடுத்த குத்துக்குப் போய்விட்டான். நல்லவேளை, அது ஆள் இல்லாத ஆபரேஷன் தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை காலையில், சிலிக்கான் மாதிரியில் நடந்த பயிற்சி. "சார், இழுக்கும்போது கையில ஒண்ணுமே தெரியல" என்றான். உண்மைதான். எங்களிடம் இருக்கும் டாவின்சி ரோபோ மாடலில் தொடுவுணர்வு கிடையாது. நூல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, திசு மெத்தென்று இருக்கிறதா கெட்டியா, எதுவும் விரலுக்கு வந்து சேராது. விசையைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் 2024-இல் அனுமதி பெற்ற டாவின்சி 5-இல்தான் வந்தன.

நான் படித்த காலத்தில் வயிற்றைத் திறந்து, விரல் நுனியால் தடவித்தான், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை அறிந்தோம். பெங்களூருவில் இப்போது என்னிடம் வரும் எம்.சிஎச். என்ற உயர் அறுவைப் படிப்பு மாணவர்களுக்கு அந்த விரலின் வேலையைக் கண்ணுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நூல் நேராகிறதா பார். குத்திய இடம் குழிகிறதா பார். திசு வெளுக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்து. பத்து மடங்கு பெரிதாக, ஆழத்தோடு தெரியும் படம் இருக்கிறது. பார்க்கப் பழகியவனுக்கு அதிலேயே இழுவை தெரிந்துவிடும். பழக மாதங்கள் ஆகும்.

அதற்கும் முன்னால், நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டும். துளைகளை எங்கே போடுவது, ரோபோவின் கைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் அதை எப்படிப் பொருத்துவது, எப்போது சக்‌ஷன் கொடுப்பது, அவசரம் என்றால் எந்த வரிசையில் கழற்றுவது. தலைப்பக்கம் 25 முதல் 30 டிகிரி வரை தாழ்ந்து, வயிற்றில் வாயு நிரம்பிக் கிடக்கும் மனிதருக்கு என்ன ஆகிறது என்பது கன்சோலிலிருந்து முழுதாகத் தெரியாது. "எப்ப சார் உட்காருவேன்?" என்று கேட்காத மாணவர் இல்லை. அந்த அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் பக்கத்தில் நின்று பழகாதவரைக் கன்சோலில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது.

உட்கார்ந்த பிறகும் புராஸ்டேட்டை அகற்றும் முழு அறுவையை யாரிடமும் கொடுப்பதில்லை. சிறுநீர்ப்பையை வயிற்றுச் சுவரிலிருந்து இறக்குவதுதான் மாணவருக்குக் கொடுக்கும் முதல் படி. சற்றுத் தவறினாலும் சரிசெய்துவிடலாம். புராஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டி ஓடும் நரம்புக் கற்றைகளைப் பிரிப்பது கடைசியில்தான். அது ஒருவரின் தாம்பத்திய வாழ்க்கையைத் தொடும் இடம். நடுவில் வருவது சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் இணைக்கும் தையல். 2003-இல் பெல்ஜியத்தின் வான் வெல்தோவன் விவரித்த முறை: இரண்டு நூல்களை வால்பக்கம் முடிச்சிட்டு, கடிகாரத்தின் ஆறு மணி நிலையில், அதாவது அடிப்பக்கத்தில் தொடங்கி, இரு பக்கமும் ஓட்டிக்கொண்டு போய் மேலே ஒரே முடிச்சு.

நானும் மாணவரும் ஆளுக்கொன்றில் உட்காரும் இரட்டைக் கன்சோலில் ஒரு தட்டலில் கட்டுப்பாட்டை நான் எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதியை நான் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி இந்தத் தையலில் பாதி வந்திருந்தாள். நான் எடுத்து முடித்துவிட்டேன். தேநீர் நேரத்தில் வந்து, "நான் என்ன தப்பு பண்ணேன் சார்?" என்று கேட்டாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அடுத்த கேஸ் காத்திருந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதை அவளிடம் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு, ஆபத்தான நொடி தவிர, காரணம் சொல்லாமல் கட்டுப்பாட்டை எடுப்பதில்லை. கன்சோலுக்குள் முகம் போய்விட்டால் எங்களுக்குள் இருப்பது குரல் மட்டும்தான். கன்னடம், மலையாளம், தமிழ் எல்லாம் புழங்கும் எங்கள் தியேட்டரில் "மெதுவா", "நில்லு" இரண்டும் எல்லாருக்கும் புரியும். "நில்லு" என்றால் யார் சொன்னாலும் கை நிற்க வேண்டும்.

ஓசூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: "மெஷினே ஆபரேஷன் பண்ணிடுமாப்பா?" அது தானாக அசையாது, எங்கள் கை அசைந்தால்தான் அசையும் என்றேன். "யாரு கை?" என்றார். பக்கத்தில் நின்ற அந்த மாணவியைக் காட்டி, என் மேற்பார்வையில் இவரும் ஒரு பகுதியைச் செய்வார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். ஊரைச் சொன்னாள். சரி என்றார்.

அன்று அவள் தையலை முழுதாக முடித்தாள். இரண்டு முறை "மெதுவா" என்றேன், தட்டவில்லை. குழாய் வழியாகச் சலைன் ஏற்றிப் பார்த்தோம். கசிவில்லை. அவள் கன்சோலிலிருந்து முகத்தை எடுக்காமலே, "சார், இன்னொரு தடவை நிரப்பிப் பார்க்கலாமா?" என்றாள்.

நிரப்பினோம்.