ல-வுக்கு மேலே ஒரு புள்ளி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் எனக்கு ஆபீஸ். டவுனில் உள்ள ஓர் அச்சகத்துக்காகக் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் டைப் அடித்து, பிழை திருத்திக் கொடுக்கிறேன். எழுத்துக்குத் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே வயிறு வளர்க்கிறவள்.

போன வருடம் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் புது லேப்டாப் வாங்கினேன். 15.6 இஞ்ச், ஃபுல் ஹெச்டி. பதினோராவது நாள் அச்சகத்து அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, முன்னுரைல மூணாவது வரியப் பாத்தியா இல்லையா? அப்படியே அடிச்சிருந்தா ஹெச்எம் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு."

என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன். 'கல்வி'க்கு நடுப்புள்ளி போனால் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

ஃபைலைத் திறந்தால் புள்ளி இருக்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணாச்சியைத் திருப்பிக் கூப்பிட்டுச் சண்டை போட இருந்தேன். நல்லவேளை, பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். சொல் மேலே போனது. புள்ளி அங்கேயே நின்றது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி சுருக்கி வைத்துப் படித்தால் மெய்ப்புள்ளி என்பது திரையில் ஒரு பிக்சல், அதாவது படத்தைக் காட்டுகிற மிகச் சின்னக் கட்டம் ஒன்றின் அளவுதான். கடைசிப் பார்வையை அப்படிச் சுருக்கி வைத்துப் பார்த்தது என் தப்பு. ஆனால் செத்த பிக்சல் ஒன்று சரியாக ல-வின் தலையில் போய் உட்காரும் என்று யார் கண்டது?

ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். ஆக 62 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் இயக்குகிறது. இப்போது லேப்டாப்களில் அதிகம் வருகிற ஐபிஎஸ் என்ற வகைத் திரையில் மின்சாரம் போகாத பிக்சல், பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் கருப்பாகத் தெரியும். இதுதான் டெட் பிக்சல். ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தால் அது ஸ்டக் பிக்சல். நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோவை ஓடவிட்டால் ஸ்டக் பிக்சல் சில சமயம் சரியாகும். செத்தது பிழைக்காது. விரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், ஒரு புள்ளி நாலு புள்ளி ஆகலாம்.

சரி, வாரண்டிதான் ஒரு வருடம் இருக்கிறதே என்று கடைக்குப் போனேன். ஏழு நாளுக்குள் வந்திருந்தால் பெட்டியோடு மாற்றித் தந்திருப்போம் என்றார்கள். சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணுதான்க்கா இருக்கு."

"ஒண்ணுதான் தம்பி. அதுதான் என் பிழைப்பக் கெடுக்கு."

அவன் காட்டிய விதியில் ஐந்து கருப்புப் புள்ளி வரைக்கும் பழுது என்றே சேர்த்தி இல்லை. எரியும் புள்ளிக்குத் தனிக் கணக்கு, அதில் கொஞ்சம் கெடுபிடி அதிகம். கூடுதல் காசு கட்டி வாரண்டியை மூன்று வருடமாக நீட்டினால் மாற்றுவீர்களா என்றேன். நாள்தான் நீளுமாம், எண்ணிக்கை அதேதானாம்.

அது அந்தக் கம்பெனியின் குசும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் இதற்கு உலக அளவிலேயே தரவிதி இருக்கிறது. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்கிற விதி, எத்தனை கோளாறு வரை பொறுக்கலாம் என்று திரைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, அதில் இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் வெள்ளையாக எரிவது 2, எப்போதும் கருப்பாக இருப்பது 2, துணைப் பிக்சல் கோளாறு 5 வரை பரவாயில்லை என்றது. 2008-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 9241-307 வந்தது. ஒன்றுகூட ஆகாது என்கிற வகுப்பும் உண்டு, ஆனால் எந்த வகுப்பு என்று பெட்டி மேல் யார் போடுகிறார்கள்? டெல் கம்பெனி அல்ட்ராஷார்ப் மானிட்டர்களுக்கு, ஒரு எரியும் பிக்சல் இருந்தாலே வாரண்டி காலத்தில் மாற்றித் தருவதாகச் சொல்கிறது. அதுவும் எரியும் புள்ளிக்குத்தான். என் புள்ளி கருப்பு.

ஆக, ஒற்றைப் புள்ளிக்காரிக்கு வாரண்டி அட்டையால் பிரயோஜனம் இல்லை, அந்த ஏழு நாள்தான் இருந்தது. அதை நான் திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதிலும் பை வாங்குவதிலும் கழித்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாமா என்றும் யோசித்தேன். ஐந்து புள்ளி வரை பழுது இல்லை என்று எழுதிய காகிதத்தில்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், விட்டுவிட்டேன்.

இந்த ஆனியில் தங்கை மகனுக்கு லேப்டாப் வாங்க அதே கடைக்குப் போனோம். பென்டிரைவில் ஐந்து படம் கொண்டுபோனேன்: முழு வெள்ளை, முழுக் கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம். பெயின்டில் போட்டதுதான், பெரிய வித்தை இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திரை நிறைய வைத்து, மூலை மூலையாகப் பார்த்தேன். கருப்புப் புள்ளி வெள்ளையில் தெரியும், எரியும் புள்ளி கருப்பில் தெரியும். "நல்லாப் பாத்துக்கிடுங்கக்கா" என்று கடைப்பையன் கொட்டாவி விட்டான். தங்கை மகனுக்கு மானம் போய்விட்டது. ஏதோ போன் வந்த மாதிரி வெளியே போய் நின்றுகொண்டான்.

என் லேப்டாப் அதேதான். இப்போது 150 சதவீதம் பெரிதாக்கி வைத்துத்தான் கடைசிப் பார்வை பார்க்கிறேன். அண்ணாச்சி மட்டும் விடுவதாக இல்லை. புரூஃப் அனுப்பினால் முதல் கேள்வியே, "இது உன் புள்ளியா, மிஷின் புள்ளியா?"